சிறு பாத்தியும் பெருங் கவனமும்



லயத்தின் முன்னாலோ பின்னாலோ உள்ள கையகல நிலத்தில் நாலு வரிசை லீக்ஸ், பத்துக் கோவா, ஒரு போஞ்சிப் பந்தல் என்று முதன்முதலாகப் பயிரிட முற்படுவோர் நம்மிடையே பலர். சாமுவேல் பேக்கர் 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவில் குடியேறி ஐரோப்பிய மரக்கறிகளைப் பயிரிட்ட காலந்தொட்டு, இக்குளிர்நிலம் அவற்றுக்கு உகந்தது என்பது யாவரும் அறிந்ததே. 2022ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டுக் காலத்தில், வெள்ளிக்கிழமைகளில் வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு விடுமுறையும் அளித்தது. நம் தோட்டத் தொழிலாளருக்கு அத்தகைய நாள் வாய்க்கவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பின், பொழுது சாயும் வேளையிலேதான் அவர்கள் மண்வெட்டியை எடுக்க வேண்டியிருந்தது, இன்றும் அப்படித்தான்.

களைப்பு, அவசரம், மங்கிய வெளிச்சம் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் ஆபத்தும் வந்து கூடுகிறது. "சின்னப் பாத்திதானே!" என்ற எண்ணம் அதற்கு வாசலைத் திறந்து விடுகிறது. ஆனால் இப்பாத்தி நம் வாசற்படியிலேயே இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடமும் அதுவே என்பதை மறத்தலாகாது.

முதலில் நஞ்சைப் பற்றிச் சொல்வோம். மருந்தடிக்கும் வேலைக்குப் போய் வருபவர் மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவதும், அது அடுப்பங்கரை மூலையில் நிற்பதும் பெருந்தீங்குக்கு இடமாகும். போத்தலைக் கண்ட குழந்தை அதிலிருப்பது பானமா நஞ்சா என்று ஆராய்ந்து கொண்டிருக்குமா? பூச்சிநாசினிகளைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் 1980ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. மிகக் கொடிய வகையைச் சேர்ந்தவற்றுள் எஞ்சியிருந்தவை 1995இல் தடுக்கப்பட்டன. முறிமருந்தே இல்லாத பரக்குவாட் எனும் களைநாசினியும் 2008 முதல் 2011 வரையான காலத்தில் படிப்படியாக விலக்கப்பட்டது. இத்தடைகளால் எத்தனையோ உயிர்கள் தப்பின. ஆயினும் கடையில் இன்று கிடைப்பனவும் நஞ்சே அன்றி வேறில்லை.

பத்துக் கோவாவுக்கு நஞ்சு எதற்கு? விடியற்காலையில் இலைகளைப் புரட்டிப் புழுக்களைக் கையால் பொறுக்கினால் போதும். ஏக்கர்க்கணக்கில் பயிரிடுபவரால் இது இயலாது, உங்களால் இயலும். பாத்தி சிறிதாயிருப்பதன் பெரிய நன்மை இதுவே. தவிர்க்க முடியாமல் மருந்து வாங்கினாலும் அதை அதன் சொந்தப் போத்தலிலேயே பூட்டி வையுங்கள். தெளித்த பின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதை அதன் சீட்டில் வாசித்தறியுங்கள். பலர் தண்ணீர் பிடிக்கும் பீலியில் தெளிகருவியை ஒருபோதும் கழுவாதீர்கள்.

தற்செயலாக யாரேனும் நஞ்சை விழுங்கிவிட்டால் உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்க வைப்பது தவறு. உடனே 1990 என்ற எண்ணுக்கு அழைத்து, இலவச அம்புலன்ஸை வரவழையுங்கள். போத்தலையும் உடன் கொண்டு செல்லுங்கள். எந்த நஞ்சு என்று அறிந்தால் வைத்தியர் தாமதமின்றி ஆவன செய்வார். உடம்பில் நஞ்சு பட்டால், நனைந்த துணியைக் களைந்து, சவர்க்காரமிட்டு நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

அடுத்தது மண். சாணமும் குப்பையும் கலந்த மண்ணிலே ஏற்புவலிக் கிருமி நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும். அகன்ற வெட்டைக் காட்டிலும், துருப்பிடித்த ஆணி குத்திய சிறு துளையில்தான் அது எளிதாக வளரும். ஆதலால் இரத்தம் நின்றுவிட்டதென்று வாளாவிருக்காமல், காயத்தைக் கழுவித் தோட்டத்து மருந்தகத்திலோ ஆஸ்பத்திரியிலோ காட்டித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும். காய்ச்சலும் கடும் தசைவலியும் கண்டால், "நான் சேற்றில் வேலை செய்தேன்" என்று வைத்தியரிடம் சொல்ல மறவாதீர்கள். சருகுக் குவியலை வெறுங்கையால் அள்ளாமல் முதலில் ஒரு கோலால் கிளறிவிடுங்கள். விரியன் இனப் பாம்பு அதனடியில் சுருண்டு கிடக்கலாம். காலுக்கு ஒரு பூட்ஸும் கைக்கு ஓர் உறையும் வீண்செலவல்ல.

கடைசியாகச் சரிவு. பாத்தியை இன்னும் இரண்டடி அகலமாக்கும் ஆசையில் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேட்டின் அடியை வெட்டாதீர்கள். வெட்டிய மண்ணைக் கானில் தள்ளாதீர்கள். கான் அடைபட்டால் மழைநீர் நிலத்துள் இறங்கி, மண் கனத்துச் சரியும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவியலுமா? அதற்குக் காரணம் வீட்டுத்தோட்டம் அன்று. ஆனால் நீர் ஊறிய சரிவு என்ன செய்யும் என்பதை அது நமக்குக் காட்டிவிட்டது. நிலத்தில் வெடிப்புக் கண்டாலும், மரம் சாய்ந்தாலும், புதிதாகக் கலங்கல் ஊற்றுத் தோன்றினாலும், மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டாருடன் பாதுகாப்பான இடத்துக்கு விலகிச் சென்று, உரியவர்களுக்கு அறிவியுங்கள்.

இவற்றையெல்லாம் கேட்டு மனந்தளர வேண்டாம், சகோதரிகளே. இன்றைக்கு ஒரு பாத்தி போதும். வெளிச்சம் இருக்கும்வரை கொத்துங்கள். இருட்டியதும் மண்வெட்டியைக் கழுவி, அதன் வாயைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். மிச்ச வேலைக்கு நாளை இருக்கிறது.