ஊசிக்கு முன் அளவுநாடா

தோலைத் துளைக்காமல் இரத்தச் சர்க்கரையை அளக்கும் ஆய்வு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நடந்துவருகிறது. லேசர் துடிப்பு பட்டதும் திசு நுண்ணளவு சூடேறி விரிந்து ஒலியலை எழுப்புகிறது. அந்த ஒலியிலிருந்து குளுக்கோஸின் அளவைக் கணிக்கலாம். அதே வளாகத்தில் பிறந்த பாத்ஷோத் நிறுவனம், விரல்நுனி இரத்தத் துளியில் எச்பிஏ1சி-யைக் காட்டும் கையடக்கக் கருவியைத் தந்திருக்கிறது. இரண்டுமே நமக்குப் பெருமை. ஆனால், புதிய கருவிகளுக்காகக் காத்திருக்க நமக்கு அவகாசம் இல்லை. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, முன்நீரிழிவு நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி.

துளி இரத்தமும் எடுக்காத முதல் சோதனை 2005 முதல் நம் கையில் இருக்கிறது. டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்தான் அது. பெங்களூரின் எஸ்-வியாசா யோகப் பல்கலைக்கழகம் பங்கேற்ற 2017-ஆம் ஆண்டின் நாடுதழுவிய கணக்கெடுப்பிலும் இதுவே பயன்பட்டது. கேட்பது வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் வரலாறு ஆகிய நான்கு மட்டுமே.

ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கும் 38 வயது ஆண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வயதுக்கு 20, 94 செ.மீ. இடுப்புக்கு 10, உடற்பயிற்சியே இல்லாத நாற்காலி வேலைக்கு 30, தாய்க்குச் சர்க்கரை இருப்பதற்கு 10. மொத்தம் 70. அறுபதைத் தொட்டாலே அபாயம் அதிகம். நாடாவைச் சட்டைக்கு மேலோ பெல்ட் கட்டும் இடத்திலோ சுற்றினால் கணக்கு தவறும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும்.

மூல ஆய்வில் 60 என்ற எல்லை, கண்டறியப்படாத நீரிழிவு உள்ளவர்களில் 72.5 சதவீதம் பேரைத்தான் இனங்கண்டது. ஆகவே குறைந்த மதிப்பெண் நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. கூடிய மதிப்பெண்ணும் நோய் நிர்ணயம் ஆகாது. அடுத்த படிதான் முக்கியம். வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு நிறுத்தினால், 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி 2 மணி நேரம் கழித்து 140 முதல் 199 மி.கி./டெ.லி. வரை காட்டும் தாங்குதிறன் குறைவு பலரிடம் நம் கண்ணில் படாமல் போய்விடும். இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சி-யைக் கூட்டிக் காட்டும். சோகை பரவலாக உள்ள நம் பெண்களிடம் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. குளுக்கோஸ் குடித்த பின் விரல்நுனி அளவு சிரை இரத்த அளவைவிடக் கூடுதலாக இருக்கும். முகாமில் குளுக்கோமீட்டர் காட்டியதை வைத்து ஒருவரை நோயாளி ஆக்கிவிடக் கூடாது. துளைக்காமல் சர்க்கரை அளப்பதாக விற்கப்படும் கைக்கடிகாரங்கள், மோதிரங்கள் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க எஃப்டிஏ 2024-இல் எச்சரித்தது. அதை நம்மிடம் வருவோருக்கும் சொல்லுங்கள்.

கண்டறிந்தால் பலன் உண்டா? உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், தாங்குதிறன் குறைந்தவர்களிடம் வாழ்க்கைமுறை மாற்றம் மட்டுமே நோய் வரும் அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தது.

எனவே மருத்துவ நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது: காய்ச்சலுக்கு வந்தவரானாலும், முப்பது கடந்திருந்தால் இரத்த அழுத்தத்தோடு இந்த மதிப்பெண்ணையும் சீட்டில் எழுதுங்கள். அறுபதும் அதற்கு மேலும் பெற்றவருக்கு குளுக்கோஸ் சோதனைக்கான தேதியைக் குறித்துக் கொடுத்து அனுப்புங்கள். வராதவரைத் தொலைபேசியில் அழையுங்கள். அபாயத்தைக் கண்டுவிட்டு அடுத்த படிக்கு அழைத்துச் செல்லாத முகாமால் யாருக்கும் நன்மையில்லை.