மீகாமன் வீடு

அமெரிக்க தேசத்தில், மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், நீராவிக் கப்பலைக் கரையேற்றி வைத்தாற்போன்ற இரண்டு வீடுகள் உண்டு. மில்டன் டூலட் என்னும் நதிக் கப்பல் மீகாமன், 1905-ஆம் வருஷத்தில் ஒன்றைத் தமக்காகவும், 1913-இல் மற்றொன்றைத் தம் குமாரருக்காகவும் கட்டினார். கப்பலின் மேல்தளம் போலச் சுற்றிலும் தாழ்வாரம். அதில் முத்துமாலைபோல் தொங்கும் மர உருண்டைகள். உச்சியிலே நதியை நோக்கிய ஒரு சிறு கூண்டு. 2005-ஆம் வருஷத்துப் புயல் வெள்ளத்துக்கும் அவை தப்பி நிற்கின்றன. ஒரு தொழிலாளியின் கைத்திறனுக்கு அந்நகரத்தார் செய்யும் மரியாதை அது.

நம் பழவேற்காட்டில் அப்படி ஒரு வீடு உண்டா?

அதுவும் பெருந்துறைமுகமாய் விளங்கிய ஊர்தான். டச்சுக்காரர் 1613-இல் அங்கே ஜெல்டிரியாக் கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை ஸ்தலம் அதுவே. நம் நெசவாளர் நெய்த துணிகள் அங்கிருந்து கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றன. நம் ஜனங்களையே அடிமைகளாகக் கப்பலேற்றியதும் அத்துறையிலிருந்துதான். பெரிய கப்பல்கள் கரையை அணுக இயலாமல் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கைக் கரை சேர்க்கப் படகோட்டிகள் வேண்டும். மணல் திட்டு எங்கே, ஆழம் எங்கே, இடம் மாறும் முகத்துவாரம் இவ்வருஷம் எங்கே என்றறிந்த அவர்களே இக்கரையின் மீகாமர்கள்.

இன்று அங்கே நிற்பவை எவை? டச்சுக்காரரின் கல்லறைகள். வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய தூண்கள். உள்ளே கூர்நுனித் தூண்களும், சித்திர வேலைப்பாடமைந்த கற்பலகைகளும். தொல்பொருள் இலாகா அவற்றைக் காக்கிறது, காக்க வேண்டியதே. கோட்டையோ அழிந்து மண்மேடாயிற்று. ஒரு கல்லறைக் கல்லில் அதன் உருவத்தைச் செதுக்கியிருப்பதால் அது எப்படி இருந்தது என்று தெரிகிறது.

படகோட்டியின் வீட்டைக் கல்லில் செதுக்குவார் யார்? பனஞ்சட்டமும், பனையோலைக் கூரையும், மண்சுவருமான வீடு அது. கடற்காற்று தூக்கிவிடாதபடி தாழ இறக்கிய கூரை; குனிந்தே நுழைய வேண்டிய வாயில். காற்றையும் மழையையும் அறிந்தவன் வகுத்த சிற்பம் அதுவும்தான். ஆனால் ஓலை சில வருஷங்களில் மக்கிவிடும். 2004-ஆம் வருஷத்து ஆழிப் பேரலைக்குப் பின் காங்கிரீட் வீடுகள் பெருகின. குடியிருப்போருக்குப் பத்திரம் வேண்டும். அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. எனினும் பழைய வீட்டின் அளவும் அமைப்பும் ஏட்டிலேனும் ஏற வேண்டாமா?

வீடு போனாலும் அறிவு போகவில்லை. ஏரியில் எவர் எங்கே, எந்நாளில் வலையிடலாம் என்று முறை வகுத்துக்கொள்ளும் 'பாடு' என்னும் வழக்கம் கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. கோட்டை போய்விட்டது, குப்பம் இருக்கிறது!

அவ்வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஓலை வீடு ஒன்றை அளந்து படம் வரையட்டும். முதிய படகோட்டி ஒருவர் சொல்லும் துறைகளின் பெயர்களை எழுதி வைக்கட்டும். செலவு ஒரு நோட்டுப் புஸ்தகம். அந்நியன் தன் கோட்டையைக் கல்லில் விட்டுப் போனான். நம்மவன் வீட்டை நாம் காகிதத்திலாவது வைத்துக்கொள்வோம்.