மின்சைக்கிள் எத்தனை மீட்டர் ஏறும்?

மின்சைக்கிள் விளம்பரங்களில் இரண்டு எண்கள் பெரிதாக இருக்கும். மோட்டார் எத்தனை வாட், ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர். சமதரையில் பள்ளிக்குப் போய்வர இவை போதும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏற நினைக்கும் மாணவருக்கு இவை அதிகம் உதவா. எத்தனை மீட்டர் உயரம் ஏறும் என்ற மூன்றாவது எண்ணையும் விற்பவர்கள் அச்சிட வேண்டும் என்கிறேன்.

கணக்கு கடினமானதன்று. மூன்றாம் படிவத்தில் படிக்கும் நிலைச் சக்திச் சூத்திரமே போதும். 75 கிலோ ஆள், 25 கிலோ சைக்கிள், ஆக 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதை ஒரு மீட்டர் உயர்த்த 980 ஜூல் வேண்டும். பேட்டரியில் எழுதியிருக்கும் வாட்-மணியைப் பாருங்கள். ஒரு வாட்-மணி என்பது 3,600 ஜூல். அதில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது என்று கொண்டால், ஒரு வாட்-மணிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் ஏறலாம். 500 வாட்-மணி பேட்டரியை மட்டுமே நம்பினால் 1,500 மீட்டர்.

தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அப்படியானால் போய்ச் சேர்ந்துவிடலாமே? முடியாது. தாப்பாவிலிருந்து சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிறது. டயரின் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் வழி நெடுகச் சக்தியைத் தின்னும். அவற்றையும் சேர்த்தால் என் கணக்குப்படி சுமார் 750 வாட்-மணி தேவை. பாதி வேலையைக் கால்கள் செய்தால் பேட்டரிக்கு 375. அப்போது கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் முக்கியம். பேட்டரி தீரும் நேரத்தில் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்தால் மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். அதுவும் மலையுச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில்!

பெரிய மோட்டார் வாங்கினால் தீராதா என்று சிலர் கேட்பார்கள். கெந்திங் மலைச் சாலையை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் இடங்கள் அங்கே உண்டு. அங்கே மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 270 வாட் வேண்டும். சாதாரண ஆளின் கால்கள் 100 வாட் தரும். மீதியை 250 வாட் மோட்டாரே தாராளமாகத் தரலாம். சிங்கப்பூரில் சட்டம் அனுமதிக்கும் அளவும் அதுதான்.

சிக்கல் வாட்டில் இல்லை, சுழலும் வேகத்தில் இருக்கிறது. சக்கரத்தின் நடுவில் பொருத்திய மோட்டார் சக்கரத்தோடு கட்டுண்டது. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகவே சுற்ற வேண்டும். அப்போது உந்தித் தள்ள அதிக மின்னோட்டம் தேவை. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பிச் சுருளில் வெப்பம் நான்கு மடங்காகும். ஐந்து நிமிட ஏற்றத்தில் இது தெரியாது, ஒரு மணி நேர ஏற்றத்தில் மோட்டார் கொதிக்கும். மிதிகட்டைகளுக்கு நடுவே அமைந்த மோட்டாரோ சங்கிலி வழியாக இயங்குவதால் சைக்கிளின் கியர்களைப் பயன்படுத்திக்கொள்கிறது. சின்ன கியருக்கு மாற்றினால் சக்கரம் மெதுவாகச் சுற்றும், மோட்டார் வேகமாகவே சுற்றும். அதனால் மலைக்கு வாங்குபவர் வாட்டைவிட மோட்டார் இருக்கும் இடத்தைப் பார்ப்பது நல்லது. பட்டறையில் கொடுத்து வாட்டைக் கூட்டிக்கொள்பவர்கள் சட்டத்தை மீறுவதோடு, பேட்டரி தாங்காத மின்னோட்டத்தை இழுத்துத் தீ விபத்துக்கும் வழி செய்கிறார்கள்.

ஏறும்போது செலவானது இறங்கும்போது திரும்பி வருமா? நடுவில் மோட்டார் உள்ள சைக்கிள்களில் வராது. இறங்கும்போது சங்கிலி பின்சக்கரத்தைத் தொடர்வதில்லை, மோட்டார் சும்மா நிற்கும். ஏறிச் சேர்த்த 1,400 மீட்டர் சக்தியும் காற்றிலும் பிரேக்கிலும்தான் கரைய வேண்டும். மலையேறப் புறப்படும் முன் பேட்டரியோடு பிரேக் கட்டைகளையும் பார்த்துவிடுங்கள்.