கலவரம் என்றொரு கௌரவமான சொல்

அமெரிக்காவில் எவனோ துப்பாக்கியால் பத்துப் பேரைச் சுட்டுத் தள்ளினான் என்று செய்தி வந்துவிட்டால் போதும். எங்கள் ராயபுரத்து டீக்கடை பெஞ்சில் எல்லோரும் மனோதத்துவ நிபுணர்களாகிவிடுகிறார்கள். "பணம் பெருத்த தேசம் சார், பைத்தியம் பிடித்து அலைகிறான்கள். நம்ம ஊரில் இதெல்லாம் நடக்குமா?" இந்தக் கேள்வியில் தொனிக்கும் திருப்தியைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

தனி மனிதன் செய்யும் படுகொலை ஒரு ரகம். 1966 ஆகஸ்டில் டெக்ஸாஸ் சர்வகலாசாலைக் கோபுரத்தில் ஏறி நின்று, கண்ணில் பட்டவரையெல்லாம் சுட்டான் சார்லஸ் விட்மன். தன் மூளையைச் சோதிக்கும்படி முன்னதாகவே எழுதி வைத்திருந்தான். சோதித்தார்கள், கட்டி இருந்தது. அதுதான் காரணமா என்பதை வைத்தியர்கள் விவாதித்துக்கொள்ளட்டும்.

ஆனால் ஊர் கூடிச் செய்யும் கொலை என்று இன்னொரு ரகம் இருக்கிறதே, அங்கே யாருடைய மூளையைச் சோதிப்பது? 1921 மே மாதக் கடைசியில், ஓக்லஹோமா மாகாணத்து டல்ஸா நகரில், கறுப்பு மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் கொளுத்திற்று. மாண்டவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள் சரித்திரக்காரர்கள். கொலைக்காக ஒரு வெள்ளையரும் தண்டிக்கப்படவில்லை. அதற்கு இட்ட பெயர் 'கலவரம்'. கலவரத்துக்கு நஷ்டஈடு இல்லையென்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கையை விரித்தன. ஒரு சொல்லுக்கு எத்தனை வல்லமை, பாருங்கள்!

அதே 1921. ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய புளியந்தோப்பு. பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தின்போது, அதில் சேராத ஆதிதிராவிடத் தொழிலாளரின் குடிசைகள் எரிந்தன. நம் புஸ்தகங்களில் அதற்கும் பெயர் 'புளியந்தோப்புக் கலவரம்'.

"கூட்டத்தில் யார் எவர் என்று எப்படி சார் சொல்வது?" என்று மடக்கினார், ஹார்பரில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையரான நண்பர். சொல்ல முடியும் ஐயா, மனம் இருந்தால்! 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை ஜில்லாக் கீழ்வெண்மணியில், அரைப்படி நெல் கூடுதலாகக் கூலி கேட்ட குற்றத்துக்காக, பெண்டு பிள்ளைகளாக 44 பேர் ஒரே குடிசைக்குள் வெந்து மடிந்தார்கள். ஆள் தெரியாமல் போகவில்லை. மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடு முதலானோரை செஷன்ஸ் கோர்ட்டு தண்டித்தது, ஹைகோர்ட்டு விடுவித்தது. காரும் நிலமும் உள்ள தனவந்தர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது அதற்குக் கஷ்டமாக இருந்தது.

கும்பலில் கொலை செய்தவன் மறுநாள் காலையில் பல் விளக்கி, பலகாரம் தின்று, வேலைக்குப் போகிறான். அவனைப் பைத்தியம் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். அதனால்தான் அவனைக் கண்டு நான் அதிகம் அஞ்சுகிறேன்.

டல்ஸாவில் அந்தச் சம்பவத்துக்கான கமிஷனின் பெயரிலிருந்த 'கலவரம்' என்ற சொல்லை 2018-இல் நீக்கி, 'படுகொலை' என்று மாற்றினார்கள். தொண்ணூற்றேழு வருஷம் கழித்தாவது செய்தார்கள். பைத்தியக்கார தேசமென்று நாம் கைகொட்டிச் சிரிக்கிறோமே, நம் புஸ்தகங்களில் அந்தச் சொல்லை அடிக்கப் போகிறவர் யார்?