ஐப்பசியில் பாருங்கள், தையில் வாங்குங்கள்

தீபாவளி நெருங்கினால் போதும், சென்னையில் வீடு விற்கிறவர்களின் நோட்டீஸ் எங்கள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் வரை வந்துவிடுகிறது. 'பண்டிகைச் சலுகை', 'பதிவுச் செலவு இலவசம்', 'அட்வான்ஸ் கட்டினால் தங்கக் காசு' என்று ஆசை காட்டுகிறார்கள். புரட்டாசியில் வேண்டாம் என்று தள்ளிப் போட்டவர்கள், மார்கழி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று ஐப்பசி, கார்த்திகையில் அவசரப்படுகிறார்கள். சகோதரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வீட்டை ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். பணத்தைத் தை பிறந்த பிறகு கொடுங்கள்.

சென்னையில் வருடம் முழுவதும் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தால் எல்லா மனையும் மேட்டு நிலம்தான்! 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையை யாரும் மறந்திருக்க முடியாது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியது. எட்டு வருடம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மறுபடியும் மாடியில் நின்றபடி பால் பாக்கெட்டுக்குக் காத்திருந்தார்கள். தண்ணீர் பத்திரம் பார்த்து வருவதில்லை, பள்ளம் பார்த்து வருகிறது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இது புதிதல்ல. எங்கள் ஊர்க் கோயில் சுவரில் சுமார் 1,100 வருடத்துக்கு முன்பு, பராந்தக சோழன் காலத்தில், குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வாரியத்துக்கு வருகிறவருக்குச் சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அதே சபை ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனியாகவும் வைத்திருந்தது. ஏரி எங்கே, மதகு எங்கே, கலங்கல் வழிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துத்தான் நம் பெரியவர்கள் மனை போட்டார்கள். அந்த வழியில் வந்த நம் பிள்ளைகள் சென்னைக்குப் போனதும் ஸ்கூல் எவ்வளவு தூரம், ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

என் நாத்தனார் மகள் தாம்பரத்துக்கு மேற்கே தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கினாள். வாங்கியது பங்குனியில். வந்த கார்த்திகையிலேயே முழங்கால் அளவு தண்ணீர். பிரிட்ஜ், பீரோ, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் போச்சு. கட்டிக் கொடுத்தவர், "இயற்கைக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?" என்று கையை விரித்துவிட்டார். அவள் என்னிடம் சொன்னாள்: "அத்தை, நகையை வித்துக் குடுத்தது நான். தண்ணிய வாரி இறைக்கறதும் நான். வாங்கறதுக்கு முன்னாடி வீட்டைப் போய்ப் பார்த்தது மட்டும் அவரு." இது அவள் வீட்டுக் கதை மட்டும்தானா?

அதனால் நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, நீங்களே நேரில் போங்கள். விற்கிறவரின் காரில் போகாமல் பஸ்ஸில் இறங்கி நடந்து போங்கள். ரோடு உயரமா, வீட்டு வாசல் உயரமா என்று பாருங்கள். ரோடு போடப் போட உயர்கிறது, வீடு உயர்வதில்லை. அக்கம்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை தெரிகிறதா, மோட்டாரை உயரத் தூக்கி வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். கழிவு நீர் எங்கே போகிறது, மழையில் செப்டிக் டேங்க் வழிகிறதா, அந்தத் தண்ணீர் குடிநீர்த் தொட்டியில் கலக்கிறதா என்று கேளுங்கள். தெருமுனையில் துணி தேய்ப்பவரிடமும், வீட்டு வேலை செய்யும் அம்மாவிடமும், "2015-ல எவ்வளவு தண்ணி வந்தது? 2023-ல வந்ததா?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது பத்திரம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால், மேலே கடன், அடமானம் இல்லை என்றுதான் அர்த்தம். தண்ணீர் வராது என்று அர்த்தமில்லை. மூலப் பத்திரத்தை வாங்கி நான்கெல்லையைப் படியுங்கள். 'வடக்கே வாய்க்கால்', 'கிழக்கே ஏரிக்கரை' என்று இருந்தால் யோசியுங்கள். பழைய கணக்கில் நஞ்செய் என்று இருந்தால், அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்தது என்று நமக்குத் தெரியாதா? வாய்க்கால் தூர்ந்திருக்கலாம், பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கும்.

"சலுகை முடிஞ்சுடும், இன்னைக்கே கட்டுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். 2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி, புதிதாகக் கட்டி விற்கிறவர், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்தால் அவரே செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். ஆனால் எந்தச் சட்டமும் பள்ளத்தை மேடாக்கித் தராது. இரண்டு மாதம் பொறுப்பதால் ஒரு தங்கக் காசு போகலாம். பொறுக்காவிட்டால் இருபது வருடம் கடன் கட்டுகிற வீட்டில் ஒவ்வொரு ஐப்பசியும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? வீடு வாங்க நம் நகை வேண்டும், நம் கையெழுத்து வேண்டும் என்றால், நம் கண்ணும் வேண்டும் சகோதரிகளே. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன்னால், இந்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

- ஒரு வாசகி, உத்திரமேரூர்.