ஆறிய காயமும் ஆறாத வலியும்

ஆபரேஷன் முடிந்தது, தையல் பிரித்தாகிவிட்டது, காயமும் காய்ந்துவிட்டது; இனி ஆள் மரம் வெட்டப் போகவேண்டியதுதான் என்பது தோட்ட நிர்வாகங்களின் கணக்கு. பெரும்பாலோர் விஷயத்தில் இந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது. நாம் எழுத வந்தது இக்கணக்கில் அடங்காதவர்களைப் பற்றி. "தையல் பிரித்து ஆறு மாதமாகிறது, கைலி உரசினாலே நெருப்பு வைத்தாற்போல் எரிகிறது" என்று சொல்லும் தொழிலாளியை மண்டோர் நம்புவதில்லை, ஆபீசும் நம்புவதில்லை. சில வீடுகளில் மனைவி மக்களே நம்புவதில்லை. வேலைக்குக் கள்ளம் என்ற பெயர் மட்டும் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

இதில் கள்ளம் எதுவும் இல்லை. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமுமாய் நடக்கும் நம்மவரிடையே குடலிறக்க நோய் புதிதல்ல. தொடை இடுக்கில் தசை இடங்கொடுத்த வழியே குடல் பிதுங்கி வருகிறது. டாக்டர் அதை உள்ளே தள்ளி, மீண்டும் பிதுங்காதபடி வலை வைத்துத் தைக்கிறார். நல்ல வைத்தியம்தான், செய்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்த இடத்தில் மெல்லிய நரம்புகள் மூன்று ஓடுகின்றன. கத்தி படும்போதோ, தையலில் சிக்கியோ, பிறகு தழும்பு இறுகும்போதோ அவற்றில் ஒன்று நைந்துபோகலாம். நைந்த நரம்பு, காயம் ஆறிய பிறகும் வெட்டுகிறது, சுடுகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மூன்று மாதம் கடந்தும் தொல்லை தரும் வலி நீடிக்கிறது என்பது வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட உண்மை. பிரசவ ஆபரேஷன், மார்பு ஆபரேஷன், இடுப்பு டிஸ்க், மணிக்கட்டு ஆபரேஷன் ஆனவர்களிலும் இத்தகைய வலி உண்டு. பெண்கள் வெளியே சொல்லக் கூசுகிறார்கள் என்பதால் அவர்கள் தொகை குறைவென்று எவரும் நினைத்துவிட வேண்டாம்.

கிளினிக்கிலேயே முதல் கோணல் நேர்கிறது. டாக்டர் "சாக்கிட்?" என்கிறார். நம்மவரும் "சாக்கிட்" என்று தலையாட்டுகிறார். அத்துடன் பேச்சு முடிந்தது. சாதாரண வலி மாத்திரை பத்து நாளைக்குக் கிடைக்கிறது. பாரசிட்டமால், டைக்லோபினாக், மெபனாமிக் ஆசிட் ஆகியவை சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் ஏற்றவை. நைந்த நரம்பின் வலிக்கு அவற்றால் பெரும் பயன் இல்லை. பின்னிரண்டையும் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். நம் சமூகத்தில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரிந்ததே. அவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. ஆகவே வெறும் 'சாக்கிட்' போதாது. எரிகிறதா, ஊசி குத்துகிறதா, மரத்துப்போயிருக்கிறதா, துணி பட்டாலே வலிக்கிறதா என்பதைப் பிரித்துச் சொல்லவேண்டும். மரத்துப்போவதற்கு 'கெபாஸ்' என்றும், ஷாக் அடிப்பதுபோல் இருந்தால் 'மாச்சாம் கெனா காரான்' என்றும் சொன்னால் எந்த டாக்டருக்கும் விளங்கும். இந்தச் சொற்களைக் கேட்டுத்தான் அவர் நரம்பு வலி என்று தீர்மானிக்கிறார்.

தீர்மானித்த பிறகு அவர் எழுதிக் கொடுக்கும் மருந்தைப் பார்த்து இன்னொரு கலக்கம் பிறக்கிறது. அமிட்ரிப்டிலின் என்பது 1961-இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்காக அனுமதிக்கப்பட்ட மருந்து. காபாபென்டின் 1993-இல் வலிப்பு நோய்க்காக வந்தது. பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துக் காட்டும் பிள்ளை, "அப்பா, இது பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை" என்று சொல்லிவிடுகிறது. மாத்திரை குப்பைக்குப் போகிறது. இவை நரம்பின் பொய்ச் செய்தியை அடக்குவதற்காகவே கொடுக்கப்படுகின்றன. அமிட்ரிப்டிலினை மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவைவிட மிகக் குறைந்த அளவில், இரவில் 10 அல்லது 25 மில்லிகிராம் என்றுதான் வழக்கமாகத் தொடங்குவார்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இம்மருந்துகள் எல்லோருக்கும் கேட்கும் என்றும் நாம் சொல்லமாட்டோம். வெறும் மாவு மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் கணக்கிட்டார்கள். காபாபென்டினை ஏறக்குறைய ஏழு பேர் சாப்பிட்டால் அதிகப்படியாக ஒருவருக்குத்தான் வலி பாதியாகக் குறைகிறது. அமிட்ரிப்டிலின் வகையில் நாலு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. ஆனால் அதற்கு வாய் வறளும், மலம் கட்டும். குடலிறக்க ஆபரேஷன் ஆனவர் முக்கி வெளிக்குப் போவது நல்லதா? வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைபடும். இருதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. காபாபென்டின் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்கவேண்டும். எந்த மருந்தானாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சில வாரங்கள் பொறுத்துத்தான் பயன் தெரியும். மூன்றாம் நாள் "கேட்கவில்லை" என்று முடிவுகட்டுவது அவசரம். மாதக்கணக்கில் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்துவது அதைவிட மோசம். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். மாத்திரைக்கு மசியாத வலிக்கு, நரம்பை மரக்கச்செய்யும் ஊசியும் உண்டு.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். இம்மருந்துகள் தூக்கத்தையும் தலைச் சுற்றலையும் தருகின்றன. பட்டணத்தில் ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்காருகிறவர் இதைச் சமாளிப்பார். விடிவதற்கு முன் தலைவிளக்கோடு, கையில் கூர்மையான உளியோடு, வழுக்கும் பாதையில் நிற்கிறவர் என்ன செய்வார்? எமக்குத் தெரிந்த பால்மரத் தொழிலாளி ஒருவருக்கு நாளைக்கு மூன்று வேளை காபாபென்டின் எழுதியிருந்தார்கள். காலை மாத்திரையை நாலரை மணிக்குப் போட்டுக்கொண்டு பிரட்டுக்குப் போனார். மரம் இரண்டாகத் தெரிந்ததாம். பட்டையை ஆழ வெட்டி மரத்தைக் காயப்படுத்திவிட்டார்; மண்டோரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றே மாத்திரையைத் தூக்கி எறிந்தார். வலி பழையபடி வந்து தூக்கமும் போயிற்று. பிறகு கிளைத் தோழர்கள் அவரை மீண்டும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார்கள். அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், என்ன வேலை செய்கிறார் என்பதை டாக்டர் அப்போதுதான் கேள்விப்பட்டார்! குறைந்த அளவில் இரவு வேளையில் தொடங்கி, வாரா வாரம் ஏற்றும்படி மாற்றி எழுதினார். வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் மனிதர் தூங்குகிறார், மரமும் வெட்டுகிறார்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பது டாக்டரின் வேலைதான். நம் வேலை நேரத்தையும், தூக்கும் பாரத்தையும், சாப்பிடும் மற்ற மருந்துகளையும் அவரிடம் சொல்வது நம் வேலை. டிரமடோல் என்ற வலி மாத்திரையை வேறொரு கிளினிக்கில் வாங்கி அமிட்ரிப்டிலினோடு சேர்த்துச் சாப்பிட்டால் வலிப்புகூட வரலாம். சம்சு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம்: இம்மாத்திரைகளோடு சம்சுவோ கள்ளோ சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு தடைப்படும். காபாபென்டின் தவறாகப் பயன்படுவதைக் கண்டு பிரிட்டன் அதை 2019 ஏப்ரல் முதல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்குவது உப்பு புளி கடன் வாங்குவதைப் போன்றதல்ல. சந்தையில் 'நரம்புக்கு ஜாமு' என்று விற்பதிலும் எச்சரிக்கை வேண்டும். டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த இத்தகைய சரக்குகளைப் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. முதல் வாரம் வலி பறந்துவிடும். பிறகு முகம் ஊதும், சர்க்கரை ஏறும்.

இனி நிர்வாகங்களுக்கும் நமக்கும் உள்ள வழக்கு. 1955-ஆம் வருஷ வேலைச் சட்டத்தின்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாளும், ஐந்து வருஷம் வரை 18 நாளும், அதற்கு மேல் 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்குவதற்கு 60 நாள்; 2023 ஜனவரி 1 முதல் அது தனிக் கணக்கு. வேலை விபத்தில் வந்த காயமென்றால் சொக்சோ இருக்கிறது; 2019 முதல் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் உண்டு. ஆனால் படுக்கையிலும் இல்லாமல், முழு வேலைக்கும் ஆகாமல், மருந்தின் அளவு சரிப்படும் வரை கழிகிற அந்த ஐந்தாறு வாரங்களுக்கு எங்கே இடம்? நாம் எழுதும் செக்ரோலில் வந்தவர், வராதவர், எம்.சி. என்பதற்குத்தான் கட்டம் இருக்கிறது. பாலின் எடைக்குக் கூலி வாங்குகிறவரை இலேசான வேலைக்கு மாற்றினால் வருமானம் குறைகிறது. அதற்குப் பயந்து அவர் மாத்திரையைக் கைவிட்டு உளியைப் பிடிக்கிறார். அவர் மருந்தைத் தேர்ந்தெடுத்தது டாக்டரல்ல, கூலிச் சீட்டு.

எனவே டாக்டர் கடிதம் கொடுத்தால், மருந்து சரிப்படும் வாரங்களில் உளி, பால் வாளி, வண்டி ஓட்டுதல் ஆகியவை இல்லாத வேலையை, முந்திய மாதச் சராசரிக் கூலி குறையாமல் கொடுக்கவேண்டும் என்று கேட்கிறோம். "அப்படியானால் ஆளுக்கு ஆள் நரம்பு வலி என்று வருவார்களே" என்று துரைமார் சொல்லக்கூடும். கடிதம் எழுதுகிறவர் டாக்டர். கிராணியோ கிளைச் செயலாளரோ அல்லர். ஒரு தோட்டத்தில் வருஷத்துக்கு எத்தனை பேர் ஆபரேஷனுக்குப் போகிறார்கள் என்பதை அவரவர் ஆபீஸ் புத்தகத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

கிளைச் செயலாளர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் தங்கள் தோட்டத்தில் விசாரித்து எழுதி அனுப்பினால் பேச்சுவார்த்தைக்கு உதவும். பெயர் வேண்டாம். என்ன ஆபரேஷன், எத்தனை மாதமாயிற்று, என்ன மாத்திரை, அதைச் சாப்பிட்டுக்கொண்டே வெட்டுகிறாரா, நிறுத்திவிட்டாரா, நிறுத்தியது எதற்காக என்பது போதும். பெண்களிடம் விசாரிக்கப் பெண் அங்கத்தினர்களையே அனுப்புங்கள்.