கருவிக்கு உடையவன் யார்?

கொல்லன் கையிலுள்ள சுத்தியலை எவரும் பூட்டி வைத்து விற்பதில்லை. அதன் காம்பு முறியுமாயின் அவனே வேறொரு காம்பு செதுக்கிப் பொருத்திக் கொள்கின்றான். உளியின் வாய் மழுங்குமாயின் அவனே காய்ச்சித் தீட்டிக் கொள்கின்றான். கருவி அவனுடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. ஆனால், எண்களால் இயங்கும் மாழை வெட்டுமேசை ஒன்றைத் தன் வீட்டுப் பட்டறையில் நிறுத்தும் இற்றை இளைஞன், அதற்கு உடையவன் தானா, அன்றி அதனைத் தனக்கு விற்றவனா என எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ் வினாவையே இத் திங்கள் அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

பட்டறைகளில் சி.என்.சி. என வழங்கும் இப் பொறிமுறை, வீட்டில் பிறந்ததன்று. வானூர்திச் சுழல்தகடுகளின் வடிவத்தைத் துல்லியமாக வெட்டுதற்குச் சான் பார்சன்சு என்பார் அமெரிக்காவில் தொடங்கிய முயற்சி, அந் நாட்டு வான்படையின் பொருளுதவியோடு மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்திற் சென்று முடிந்தது. 1952ஆம் ஆண்டில், துளையிட்ட நாடா இட்ட கட்டளைப்படி துருவற்பொறி ஒன்று தானே இயங்கக் கண்டனர். அக் காலத்தே மற்றொரு முறையும் இருந்தது. தேர்ந்த கைவினைஞன் ஒருமுறை தன் கையால் வெட்ட, அவன் கையசைவைக் காந்த நாடாவிற் பதிந்து, பின்னர்ப் பொறியே அதனைத் திருப்பிச் செய்தல் அம் முறை. அது பின்தள்ளப்பெற்று எண்முறையே வென்றது. அதற்குரிய கரணியங்களுள் ஒன்று, தொழிலின் ஆட்சியைக் கைவினைஞனிடமிருந்து பிரித்து அலுவலக அறைக்கு மாற்ற விரும்பிய மேலாளர் எண்ணமே எனத் தேவிடு நோபிள் என்னும் வரலாற்றாசிரியர் 1984இல் வெளியிட்ட தம் நூலில் வழக்குரைத்தார்.

அன்று வினைஞனிடமிருந்து பிரிக்கப்பெற்ற ஆட்சி, இன்று அவன் வீட்டுக்கே திரும்பும் வாய்ப்பு வந்துள்ளது. நான்கடிக்கு நான்கடி மேசை, அதன்மேல் ஓடும் குறுக்குப்பாலம், அதில் தொங்கும் பிளாசுமா வெட்டுமுனை, மூன்று நான்கு படிமின்னோடிகள், ஒரு கணிப்பொறி, ஒரு காற்றழுத்தி ஆகிய இவ்வளவே அதன் உறுப்புகள். வரைபவனும் அவனே, வெட்டுபவனும் அவனே. ஆயினும், திரும்பி வந்த ஆட்சியை மீண்டும் பறிக்கும் வழியொன்றும் உடன் வந்துள்ளது. அதுவே பூட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டி.

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கதவும் கிராதியும் செய்யும் பட்டறை வைத்திருக்கின்றார். அவர் முழுதாக முடித்த மேசையொன்றை விலைகொடுத்து வாங்கினார். ஓராண்டு நன்கு உழைத்தது. பின்னர் ஒரு மின்னோடி பழுதுற்றது. சந்தையில் அதே அளவில் மின்னோடி கிடைத்தது. ஆனால், அதன் அளவுகளைப் பதிதற்குரிய கடவுச்சொல் விற்றவரிடம் இருந்தது. ஆள் வரும்வரை ஒரு திங்கள் பட்டறை வாளா கிடந்தது. மின்னோடியின் விலை சிறிது; வராத ஒரு சொல்லின் விலை பெரிது!

இதற்கு மாற்று இல்லாமலில்லை. அமெரிக்க நாட்டின் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 1990களில் செய்து பொதுவுடைமையாக விட்ட கட்டுப்பாட்டு மென்பொருளே, பல நாட்டுத் தன்னார்வலர் கைப்பட்டு வளர்ந்து, இன்று இலினக்சு சி.என்.சி. என வழங்குகின்றது. அதற்கு விலையில்லை, பூட்டும் இல்லை. பிளாசுமா வெட்டுக்கென்றே அமைந்த பகுதியும் அதன்கண் உண்டு. கற்றற்குச் சில கிழமைகள் செல்லும் என்பது மெய்யே. முடித்த மேசை வந்த நாளே வெட்டத் தொடங்கும் என்பதும் மெய்யே. நேரமில்லாதார் அதனையே வாங்குக. ஆனால், வாங்குமுன் நான்கு கேட்டுப் பெறுக: மின்சுற்று வரைபடம், கடவுச்சொற்கள், அளவமைப்புக் கோப்பின் படி, பொதுச் சந்தையிற் கிடைக்கும் உறுப்புகளே உள்ளன என்னும் எழுத்துறுதி. இந் நான்கையும் தர மறுப்பவன் கருவியை விற்கவில்லை. வாடகைக்கு விடுகின்றான் என்க.

இனி, தாமே அமைப்பார்க்குச் சில கூறுவோம். மேசைச் சட்டம் செங்கோணமாய் நிற்றலே முதற்பணி. இரு மூலைவிட்டங்களையும் அளந்து, அவை ஒத்து வரும்வரை சட்டத்தைத் திருத்துக. சட்டம் கோணின், எவ்வளவு விலையுயர்ந்த மின்னோடியும் கோணலையே வெட்டும். அடுத்தது அடிக்கணக்கு. ஒரு சுற்றுக்கு 200 படி கொண்ட மின்னோடியை எட்டு நுண்படியாகப் பகுப்பின் 1,600 படி. 20 பல்லும் ஒன்றாம் அளவும் உடைய சிற்றாழி ஒரு சுற்றில் 62.83 மி.மீ. நகரும்; இடையே மூன்றுக்கு ஒன்றாக வார்ப்பட்டைக் குறைப்பு இருப்பின் மின்னோடியின் ஒரு சுற்றுக்கு 20.94 மி.மீ. ஆகவே ஒரு மி.மீட்டருக்கு 76.4 படி. இக் கணக்கைப் பதிந்த பின் 1,000 மி.மீ. நகரக் கட்டளையிட்டு அளந்து பார்க்க. 998 வரின், 1,000ஐ 998ஆல் வகுத்து அவ் வீதத்தாற் பெருக்கித் திருத்துக. பள்ளிக்கணக்கு பட்டறைக்கு உதவாது என்பார் இதனைக் காண்பாராக.

மின்னிணைப்பில் கண்ணுங் கருத்தும் வேண்டும். 45 ஆம்பியர் வெட்டுகருவி ஏறத்தாழ 6 கிலோவாட்டு வெளியிடும்; 230 வோல்ட்டு வீட்டிணைப்பில் அது 26 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். 16 ஆம்பியர் செருகுவாய் அதனைத் தாங்காது. தனிக்கம்பியும் தனித் துண்டிப்பானும் உரிமம் பெற்ற மின்வினைஞரைக் கொண்டே இடுக. உயரதிர்வால் வில் மூட்டும் கருவி, அருகிலுள்ள மின்னணுப் பெட்டியைக் குழப்பும். ஆகலின் காற்றுந்தலால் வில் மூட்டும் வகையே மேசைக்கு ஏற்றது. காற்றில் ஈரம் இருப்பின் மின்முனை விரைவில் தேய்ந்தழியும், ஈரவடிகட்டி இன்றியமையாதது.

வெட்டுமுனையின் உயரமே வெட்டின் உயிர். ஏறத்தாழ 4 மி.மீ. உயரத்தில் துளையிட்டு, 1.5 மி.மீட்டருக்கு இறங்கி வெட்டுதல் இவ் வகைக் கருவிகட்குப் பொதுவான அளவு. தகடு சூட்டால் நெளியும்போது வில்லின் வோல்ட்டு மாறுவதை அளந்து முனையை ஏற்றி இறக்கும் அமைப்பும் உண்டு. ஆனால், மூலைகளில் விரைவு குறைய, வெட்டு அகன்று வோல்ட்டு ஏறும். முனை உயர்ந்துவிட்டதெனப் பொறி பிறழக் கருதித் தகட்டின்மேல் மோதும். மூலையில் உயரக் கட்டுப்பாட்டை நிறுத்தி வைத்தலே இதற்கு மருந்து. திறந்த மென்பொருளில் இதனைத் தாமே அமைத்துக் கொள்ளலாம். பூட்டிய பெட்டியில் விற்றவர் விட்ட வழியே வழி.

எல்லாவற்றினும் மேலாக உயிர்க்காப்பைக் கூற வேண்டும். தொழிற்சாலையில் நச்சுப்புகையை நுகர்பவன் தொழிலாளி ஒருவனே. வீட்டிலோ மனைவியும் மக்களும் உடன் நுகர்வர். துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். துருவேறா எஃகின் புகையில் புற்றுநோய்க்கு ஏதுவான குரோமியச் சேர்மம் உண்டு. மேசைக்கடியில் தண்ணீர்த் தொட்டி அமைப்பின் புகையும் பொறியும் பெரிதும் அடங்கும். ஆனால், அத் தண்ணீர்மேல் அலுமினியம் வெட்டுதல் கூடாது. உருகிய அலுமினியம் நீரோடு வினைபுரிந்து நீரகவளி பிறப்பிக்கும். தகட்டின்கீழ்த் தேங்கிய அவ் வளி ஒரு பொறியால் வெடிக்கும். வில்லைக் கருங்கண்ணாடியின்றி நோக்கற்க. இடர் நேர்ந்தவிடத்து அழுத்தும் நிறுத்துவிசை, மென்பொருளை நம்பியிராமல், மின்னோடிகளின் மின்னையும் வெட்டுகருவியின் இயக்கத்தையும் நேரே துண்டிப்பதாக இருத்தல் வேண்டும்.

கருவியை வாங்குதல் பணமுடையார் எவர்க்கும் எளிது. அதனைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் தம் தேவைக்கேற்ப மாற்றவும் வல்லாரே அதற்கு உடையார். கோவையிலும் ஓசூரிலும் சிவகாசியிலும் பட்டறை வைக்கப் புகும் இளைஞர்கள், விலைப்பட்டியலைப் பார்க்குமுன் மின்சுற்று வரைபடத்தைக் கேட்கப் பழகுவார்களாக. தொழிற்பயிற்சிப் பள்ளிகளின் ஆசிரியர்கள், பொத்தானை அழுத்தக் கற்பிப்பதோடு அமையாது, பெட்டியைத் திறந்து காட்டுவார்களாக. சுத்தியலுக்குக் காம்பு செதுக்கிய கை, கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன் கூப்பி நிற்க வேண்டா. அறிவோம்; அமைப்போம்; ஆள்வோம்!